சுவரில் மாட்டிய லண்டன் ஸ்டேஷன்

லண்டனுக்கு வேலைக்குப் போன புதிதில் பையன் ஒரு பெரிய போட்டோ அனுப்பினான். பூமிக்கு அடியில் ரயில் ஓடுகிற ஸ்டேஷன். அந்த ஊரிலேயே ரொம்பப் பழசாம். செங்கல் வளைவு, உருண்டை விளக்கு, பிளாட்பாரத்தின் நடுவில் கோட்டுப் போட்டுக்கொண்டு இவன். "இவ்ளோ பெரிய ஸ்டேஷன்ல ஒரு டீக்காரன்கூட இல்லியேடா" என்று போனில் கேட்டேன். சிரித்தான். புனே பக்கத்துப் பிம்ப்ரியில் எங்கள் வீட்டில் சோபாவுக்கு எதிரே அதை மாட்டினோம்.

சில வருஷத்தில் என் வீட்டுக்காரருக்கு ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது. மருந்து ஃபாக்டரியிலிருந்து ரிட்டையர் ஆனவர். காலையில் ஷூ போட்டுக்கொண்டு, கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் படத்துக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார். பையன் அங்கே நிற்கிறான், வண்டி வந்ததும் சேர்ந்து போகணும் என்பார். நானும் விட மாட்டேன். வண்டி லேட்டாம், அதற்குள் அவல் போஹா சாப்பிடுங்கள் என்பேன். சாப்பிட்டுவிடுவார். என்னைச் சமையலுக்கு வந்தவள் என்று நினைத்து, உப்பு அதிகம் என்று சொல்லக்கூடப் பயந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மரியாதை எனக்குக் கிடைத்ததே இல்லை.

பையன் பேர் மட்டும் மறக்கவில்லை. நேரில் பார்த்தால் அப்பாவுக்குத் தன்னைத் தெரிந்துவிடும் என்று நம்பி அவன் லீவு போட்டு வந்தான். நானும் நம்பினேன். ஒரு வாரம் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊட்டிவிட்டான். அவர் அவனைத் தாண்டிப் படத்தையே பார்த்தார். படம்தான் குழப்புகிறது என்று, திரும்பிப் போகிற நாள் காலையில் அவன் அதைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தான்.

ஷூ போட்டுக்கொண்டு வந்தவர் வெறும் சுவரைப் பார்த்தார்.

"பையன் எங்கே?"

"கிளம்பிட்டான்" என்றேன், வேறென்ன சொல்ல.

"எங்கிட்ட சொல்லிக்காமயா போனான்?"

பையனுக்குத் தாங்கவில்லை. அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான். "அப்பா, இதோ இருக்கேன்ப்பா. போயிட்டு வரேன்ப்பா."

அவர் அவனை நன்றாகப் பார்த்தார். பிறகு கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, நீங்கள் போய் வாருங்கள் ஸாப், நான் என் பையனைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று ஹிந்தியில் சொன்னார். எங்கள் வீட்டில் ஹிந்தி வெளியாளுக்குத்தான். பால்காரருக்கு, காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கு.

பையன் எழுந்துபோய்ப் படத்தை எடுத்துவந்து மறுபடி ஆணியில் மாட்டினான். அவர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

படம் நேராகத்தான் இருந்தது. "கோணலா இருக்குடா, இன்னொரு தடவ சரியா மாட்டு" என்றேன். சுவரைப் பார்த்தபடி நிற்க அவனுக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.