ரில்டாவின் உயரமான வளையங்கள்

ரில்டாவின் பெயரை நான் முதன்முதலில் கேட்டது கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த டிசம்பரில். என் மாமியாரின் தம்பி க்ளீட்டஸ் சமையலறைக்குள் வந்து அடுப்புப் பக்கம் திரும்பி நின்று கையை அனலில் காட்டினார். அவர் சட்டையின் பின்பக்கம் பாதி முதுகு வரை இல்லை. எலி கடித்ததோ என்று நினைத்தேன். என் கணவர் ஹார்லி சிரித்துக்கொண்டே, "எலி இல்ல, ரில்டா" என்றார்.

எங்கள் ஊர் வழக்கம் அது. மானைச் சுட்டுத் தவறவிட்டவனை அன்று ராத்திரி வேட்டைக் குடிலில் நிற்க வைத்து, சட்டையின் வாலை, அதாவது முதுகுப் பக்கம் தொங்குகிற துணியை, கத்தியால் அறுத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டுவார்கள். யார் கத்தியை எடுத்தாலும் எதிர்ப் பேச்சுக் கிடையாது. அந்த வருடம் எடுத்தவள் ரில்டா. அப்போது அவள் பள்ளிக்கூடத்தைக்கூட முடிக்கவில்லை. வளர்ந்த ஆண்பிள்ளைகளின் நடுவில் நின்று, தாய்மாமன் முறையுள்ளவரைத் திருப்பி நிறுத்தி, தாராளமாகவே அறுத்திருந்தாள்.

உறவு சொல்ல வேண்டுமென்றால், ரில்டாவின் தாய் ஓரா என் மாமியாருக்குச் சின்னம்மா மகள். அந்த வழியில் ரில்டா ஹார்லிக்குத் தங்கை. எனக்கு நாத்தனார். அவளுக்கு ஒரே தம்பி, டென்சில். அவனுடைய சட்டை வால்கள் குடிலின் ஒரு சுவரையே பிடித்துக்கொண்டிருக்கும். பாதிக்குமேல் அவன் அக்கா அறுத்ததுதான்.

ரில்டா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு பிப்ரவரி காலையில், பேருந்தை எடுக்கப் போகிற வழியில் அவளுடைய சொந்தக் கார் பனிக்கட்டியில் வழுக்கிப் பாலத்துச் சுவரில் மோதியது. கழுத்தெலும்பைத் தகடு வைத்துச் சேர்த்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் தலை முன்பக்கம் வளையவே இல்லை. பக்கவாட்டில் கொஞ்சம் திரும்பும், அவ்வளவுதான். பேருந்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்காக அவள் அழுததை நான் பார்க்கவில்லை. டிசம்பர் வேட்டைக்கு மட்டும் போவேன் என்றாள்.

டிசம்பர் வேட்டை என்றால் பழைய மாதிரித் துப்பாக்கி. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். ஒரே ஒரு வெடிதான். தவறினால் மறுபடி கெட்டிப்பதற்குள் மான் அடுத்த மலைக்குப் போய்விடும். வெறுங்கண்ணால் குழல் முனையில் குறி பார்ப்பதற்கு அவள் கழுத்து வளையாது என்பதால், தொலைநோக்கி பொருத்திக்கொள்ளட்டும் என்று டென்சில்தான் சொன்னான். ஓக்கி கடையில் கொடுத்தார்கள். ஓக்கி வைத்திருப்பது தூண்டிலும் துப்பாக்கியும் விற்கிற சின்னக் கடை. பின்னால் ஒரு பட்டறை. அவன் தொலைநோக்கியைக் குழலோடு ஒட்டினாற்போல் மிகத் தாழ்ந்த தாங்கு வளையங்களில் பூட்டினான். தாழ இருந்தால்தான் கன்னம் துப்பாக்கியின் மரக்கட்டையில் பதியும், குறி நிற்கும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த பாடம். பூட்டியதும் தன் தோளில் வைத்துப் பார்த்து, அருமை என்றான். டென்சில் வைத்துப் பார்த்தான், ஹார்லி வைத்துப் பார்த்தார். எல்லாருக்கும் அருமையாகத்தான் இருந்தது.

அந்த டிசம்பரில் ரில்டா தன் வழக்கமான இடத்தில், மேட்டின் விளிம்பில் சாம்பல் நிறப் பட்டையுள்ள பெரிய பீச் மரத்தடியில் உட்கார்ந்தாள். மான் வந்தது. இடுப்பிலிருந்து உடம்பையே சாய்த்துக் கண்ணைக் கண்ணாடிக்குக் கொண்டுபோனாள். பாதி வட்டம் கறுப்பாகவும் பாதி வட்டத்தில் மானும் தெரிந்ததாம். சுட்டாள். குண்டு மரத்தில் பட்டது.

அன்று சாயங்காலம் நானும் இன்னும் சில பெண்களும் பீன்ஸும் சோள ரொட்டியும் எடுத்துக்கொண்டு குடிலுக்குப் போயிருந்தோம். ரில்டா சாப்பிட்டு முடித்து, எழுந்து, மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு நின்றாள். ஒருவன் கத்தியை எடுத்தான். டென்சில் அவன் கையைப் பிடித்து, "விடுப்பா. அக்கா கழுத்து இருக்கிற நெலையில அவங்க வந்ததே பெருசு" என்றான். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தர் அவளுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். அவர்கள் நல்ல மனதோடுதான் செய்தார்கள். ரில்டா கோட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு, பாத்திரம் கழுவுகிற பெண்கள் பக்கம் வந்து என் பக்கத்தில் நின்றாள். அத்தனை வருடத்தில் அவள் அந்தப் பக்கம் வந்து நின்றது அன்றுதான்.

"அண்ணி, இனிமே என்னைய பீன்ஸ் கொண்டுவரச் சொல்லுவானுங்க பாருங்க," என்றாள்.

இங்கே மார்ச்சிலும் பனி நிற்கும். அப்படி ஒரு நாள் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். தட்டை வைத்ததும், கேட்காமலே என் கேக் தகரத்தை எடுத்துக் கவிழ்த்து, அதன்மேல் தட்டை ஏற்றி வைத்துக்கொண்டாள். குனிய முடியாதவளுக்குத் தட்டில் என்ன இருக்கிறதென்று தெரிய வேண்டுமே. வீட்டிலும் அப்படித்தான் சாப்பிடுகிறாளாம். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். கரண்டியை வைத்துவிட்டுத் தகரத்தையே பார்த்தாள்.

"அண்ணி, நா தட்டுக்குக் குனியல. தட்டத்தான மேல கொண்டுவந்தேன்?"

"ஆமா, அதுக்கென்ன?"

"ஓக்கி எனக்குத் தரையில தட்டு வெச்சிருக்கான்," என்றாள். அப்புறம் மிச்சத்தைச் சாப்பிட்டு, என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராக அவன் கடைக்குப் போனாள்.

ஓக்கி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "உசரமான வளையமா? ரில்டா, அதைப் போட்டா ஏணி வெச்சு ஏறித்தான் பாக்கணும்."

"ஏணி உனக்கு. எனக்கு அது சன்னல்."

"கன்னம் கட்டையில படாது. கோழிக் கழுத்து மாதிரி தலை ஆடும்."

"என் தலை ஆடுறத நீ பாத்திருக்கியா? ஒரு வருசமா ஆட்டிப் பாக்கணும்னுதான் நா கெடக்கேன்."

ஓக்கி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டான். பிறகு அவன் செய்ததை நல்லபடியாகச் செய்தான், அதையும் சொல்ல வேண்டும். அவளை முக்காலியில் உட்கார வைத்து, கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றச் சொன்னான். கண்ணைத் திறந்ததும் பார்வை எங்கே நிற்கிறதோ அந்த உயரத்துக்குக் குழலின் மேல் மரச் சில்லுகளை ஒவ்வொன்றாக அடுக்கினான். அவனிடம் இருந்ததிலேயே உயரமான வளையம் அந்த அடுக்குக்குச் சரியாக வந்தது. தொலைநோக்கியை இன்னும் பின்னால் தள்ள முடியுமா என்று அவள் கேட்டாள். புதிதாக ஓட்டை போட வேண்டும், மருந்து வெடிக்கிற இடத்துக்கு மேலே நான் ஓட்டை போடமாட்டேன், உன் அண்ணியையே கேள் என்றான். எனக்கு என்ன தெரியும், வேண்டாம் என்றேன். இருக்கிற ஓட்டைகளிலேயே நீளமான தாங்கியைப் பூட்டி வளையத்தைப் பின்னுக்கு நகர்த்தினான்.

"அலுமினியம் போடட்டா, இரும்பு போடட்டா? அலுமினியம் லேசு."

"நா அதத் தூக்கிட்டு ஊர்வலம் போகல. மரத்தடியில ஒக்காரப் போறேன். இரும்பே போடு. ஒவ்வொரு தடவ சுட்டதும் வெந்நீரும் சோப்பும் ஊத்திக் கழுவத்தான் போறேன், அப்பவே எண்ணெயும் போட்டுடுவேன்."

கன்னத்துக்கு அவளே வழி கண்டாள். பழைய பேருந்து இருக்கையிலிருந்து எடுத்த நுரைத் துண்டை வெட்டிக் கட்டையின் மேல் நாடா சுற்றி ஒட்டிக்கொண்டாள். பார்க்க அசிங்கம்தான். டென்சில் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, துப்பாக்கிக்கும் கழுத்துக் கட்டு போட்டுட்டியா?" என்றான்.

"இதுக்காவது யாரும் காப்பி ஊத்திக் குடுக்காம இருந்தாச் சரி," என்றாள். அவன் சிரிப்பு நின்றுபோனது.

கோடை முழுவதும் வீட்டுக்குப் பின்னால் புல்வெளியில் காகிதத் தட்டை மாட்டிச் சுட்டாள். புகை எங்கள் வீடு வரை வரும். தொலைநோக்கி குழலுக்கு மேலே அவ்வளவு உயரத்தில் இருந்தால், கிட்டத்தில் குண்டு கீழே படும், தூரத்தில் நேராகும். அந்தக் கணக்கெல்லாம் அவள் சுட்டுச் சுட்டே பிடித்துக்கொண்டாள். இலை உதிர்கிற காலத்தில் தட்டின் நடு கிழிந்து தொங்கும், ஓரம் அப்படியே இருக்கும்.

டிசம்பர் வந்தது. அதே பீச் மரம். விடிந்து வெளிச்சம் வந்ததும் மேட்டிலிருந்து ஒரே ஒரு வெடி கேட்டது. டென்சிலும் ஹார்லியும் மேலே போய் மத்தியானம் வரை தேடினார்கள். இரத்தம் இல்லை, உதிர்ந்த மயிர் இல்லை. நல்ல பெரிய கிடா மானாம். காயம்கூட இல்லாமல் போயிருக்கிறது.

சாயங்காலம் குடிலில் பீன்ஸ் வழக்கம்போல இருந்தது, பேச்சுத்தான் இல்லை. எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள். ரில்டா மட்டும், குனிய முடியாததால், எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, எல்லார் வாயிலயும் சோள ரொட்டியா?" என்றாள்.

டென்சில் மெதுவாகக் கேட்டான். "கழுத்து வலிச்சுதாக்கா?"

"கழுத்து நல்லாத்தான் இருந்துச்சு."

"வளையம் லூசாயிருக்குமோ?"

"மத்தியானம் வந்து தட்டுல சுட்டுப் பாத்தேன். நடுவுலதான் பட்டுச்சு. காலையில கண்ணாடி முழுக்க வெளிச்சம்டா. குறுக்குக் கோடு அது தோள்மேலயே நின்னுச்சு. நா கொம்பப் பாத்துட்டேன். விசைய அழுத்தல, பிடுங்கினேன். நீ பண்ணுவியே, அதே மாதிரி."

யாரோ இருமினார்கள். டென்சில் எழுந்தான். பிறகு கால்சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்து விரித்தான்.

"எந்திரிச்சுத் திரும்பு," என்றான்.

அவள் எழுந்து, கோட்டைக் கழற்றி, திரும்பி நின்றாள். பின்னால் திரும்பிப் பார்க்க அவளால் முடியாது. அதனால் எங்கள் முகங்களைப் பார்த்தே அவன் எவ்வளவு அறுக்கிறான் என்று தெரிந்துகொண்டாள். டென்சில் எத்தனையோ வருடத்துப் பாக்கியைத் தீர்ப்பதுபோல அறுத்தான். உள்சட்டை தெரிந்தது. குடில் முழுக்கச் சிரிப்பு. அவன் துணியைத் தன்னுடையவற்றுக்குக் கீழே மாட்டப் போனான்.

"அங்க மாட்டினா எனக்குத் தெரியாது. மேல," என்றாள் ரில்டா.

அவள் கண்ணுக்கு நேராக ஆணி அடித்தான். சிவப்புக் கட்டம் போட்ட துணி. அவள் அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டு, மேசைக்குப் போய், ஆண்களுக்கு நடுவில் உட்கார்ந்து இன்னொரு தட்டு பீன்ஸ் கேட்டாள். ஊற்றிக் கொடுத்தவள் நான்தான்.

அதற்கப்புறம் அவள் சுட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த மான்கள் உண்டு, தவறவிட்டவையும் உண்டு. உயர வளையம் வேண்டும் என்று ஓக்கியிடம் இன்னும் இரண்டொருவர் கேட்டு வந்தார்கள். அவன் முதலில் அவர்களை முக்காலியில் உட்காரச் சொல்கிறானாம். க்ளீட்டஸ் போய்ச் சேர்ந்துவிட்டார், என் ஹார்லியும் போய்விட்டார்.

ரில்டா இப்போது எழுபது தாண்டி, ஓடைக்கு மேலே உள்ள வெள்ளை வீட்டில் தனியாக இருக்கிறாள். துப்பாக்கி கதவுக்குப் பின்னால் நிற்கிறது. டிசம்பரில் டென்சில் அவளை வண்டியில் பீச் மரம் வரை கொண்டுபோய் விடுகிறான்.