உட்காரக் கூடாத ஏலக்காடு

ஏலத்தோட்டங்கள் பெண்களின் முழங்காலைத் தின்றுவிட்டு ஆளை மாற்றிக்கொள்கின்றன.

எதிர்வீட்டு செல்வி அக்காவுக்கு, வருடக்கணக்கில் குத்தவைத்துக் காய் பறித்ததில் முழங்கால் முழுதாக மடங்குவதில்லை. உடம்பு ஒத்துழைக்காதவர்களும் தங்கள் வேலையைச் செய்ய வழி காணும் ஆக்குபேஷனல் தெரபியில் நான் முதுகலை படிக்கிறேன். இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே பறிக்க ஒரு குட்டி ஸ்டூல் செய்து கொடுத்தேன்.

இன்று காலை போடியில், வழியனுப்ப நானும் போயிருந்தேன்; இடுப்பில் ஸ்டூலோடு தோட்டத்து ஜீப்பில் ஏறிய அக்காவைக் கங்காணி நிறுத்தினார்.

“என்னாத்தா, சீர் சாமானா? இன்னைக்கு நீ உக்காந்தா நாளைக்கு எல்லாரும் உக்காருவாளுக.”

“உக்காந்தா காய் குறையுமாண்ணே?” என்றேன்.

“பாக்க நல்லாருக்காதும்மா.”

“இது இல்லாம முடியாதுண்ணே,” என்றார் அக்கா.

“அப்ப வீட்லயே உக்காரு.”

அக்காவை இறக்கிவிட்டு ஜீப்பு கிளம்பியது.

நீங்களே ஒரு மணி நேரம் குத்தவைத்துக் காய் பறித்து வீடியோ அனுப்புங்கள் என்று கங்காணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். நீல டிக் விழுந்து மதியமாகிறது. தோட்டம் வைத்திருக்கும் நண்பர்களும் அனுப்பலாம்.