ஆறு காலும் ஒரு முகூர்த்தப் புடவையும்

காமாட்சியம்மன் சாட்சியாக, தேய்ந்துபோன என் இரண்டு முழங்கால் சாட்சியாகச் சொல்கிறேன்: இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. உரக்கவே சொல்கிறேன், பக்கத்து டயர் கடைக்காரன் சிரித்தால் சிரிக்கட்டும். வாலாஜாபாத் சாலையில் வண்டிக்குக் கூண்டு கட்டும் பட்டறை என்னுடையது. எங்கள் தொழிலில் ஓடுகிற வண்டியால் தொல்லை கிடையாது, நிற்கிற வண்டிதான் உயிரை வாங்கும். பட்டறை வைத்துப் படாதபாடு படுகிற என் சகோதரர்களுக்கு இது தெரியும்.

காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருக்கும் சபாபதி முதலாளி பழைய ட்ரெய்லர் வீடு ஒன்றை வாங்கி வந்தார். உள்ளே தறி போட்டு, ஊர் ஊராக நிறுத்தி, ஜனங்கள் கண்ணெதிரே நெய்து விற்பது திட்டம். முதலில் நெய்யப்போவது அவர் மகள் வள்ளியின் முகூர்த்தப் புடவை. "கோணலா வந்தா மண்டபத்துக்கே வரமாட்டேன்" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். புடவை நேராக வரத் தறி மட்டமாக நிற்க வேண்டும், தறி மட்டமாக நிற்க வண்டி மட்டமாக நிற்க வேண்டும். அதற்குத்தான் என்னைப் பிடித்தார்.

அஞ்சாவது சக்கரம்

அந்த ட்ரெய்லர், பிக்கப் வண்டியின் முதுகில் ஒரு தட்டை வைத்து, அதில் மாட்டி இழுக்கிற ரகம். அந்தத் தட்டுக்கு 'ஐந்தாம் சக்கரம்' என்று எந்த மகராசன் பேர் வைத்தானோ, வாங்கின காகிதத்திலும் அப்படியே எழுதியிருந்தது. முதலாளி ட்ரெய்லரை இரண்டு சுற்று சுற்றி வந்து சக்கரங்களை எண்ணினார். நாலுதான். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு என் பட்டறைக்குள் நுழைந்து பழைய இரும்புக் குவியலைக் கிளற ஆரம்பித்தார்.

"அது சக்கரம் இல்லீங்க, கொக்கி உட்கார்ற தட்டு" என்று பொறுமையாக விளக்கினேன். தலையாட்டினார். பத்தடி நடந்தார். திரும்பி வந்து என் தோளில் கை போட்டுச் சொன்னார்: "பெரியவரே, எங்கப்பா காலத்துலேருந்து உங்கள நம்பிக்கினு இருக்கோம். அந்த அஞ்சாவது சக்கரத்த வித்துட்டீங்கன்னா சொல்லிடுங்க, கோச்சுக்க மாட்டேன்."

மட்டமான சாமான்

நிறுத்திய வண்டியை அடியில் ஆறு இடத்தில் ஊன்றித் தாங்குகிற இரும்புக் கால்தான் ஜாக்கி; அதை விற்கிற தம்பி ஒருவர் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்தார். அவரிடம் மூன்று ரகம் இருந்தது. ஒன்று கையால் சுற்றுவது. இன்னொன்று, காலுக்கு ஒரு மோட்டார் வைத்த கரண்ட் ஜாக்கி. மூன்றாவது, ஒரே பம்பிலிருந்து எண்ணெய் பாய்ந்து ஆறு காலையும் இறக்குகிற ஹைட்ராலிக். பின்னவை இரண்டும் தானியங்கி. பட்டனைத் தொட்டால் வண்டி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தானே கண்டுபிடித்து, தானே காலை நீட்டி மடக்கி மட்டமாகிவிடும்.

தம்பி அதை உற்சாகமாகச் சொன்னதுதான் வினை. "ஃபுல்லா ஆட்டோமேடிக் சார். வாங்கிட்டுப் போய் நிறுத்தின அடுத்த நிமிஷமே மட்டமாயிடும்!" முதலாளி முகம் இருண்டது. பட்டுக்கடையில் மட்டம் என்றால் கீழ்த்தட்டில் ஒளித்து வைத்திருக்கிற சரக்கு என்று மட்டும்தான் அர்த்தம். தம்பி விடவில்லை. "எங்கள மாதிரி மட்டமா இந்த ஜில்லாவுலயே யாராலயும் தர முடியாது சார், எழுதியே தரோம்." முதலாளி என் பக்கம் திரும்பினார்: "முப்பது வருஷமா யாவாரம் பண்றேன் பெரியவரே, இவ்ளோ உண்மை பேசுற ஆள இப்பதான் பாக்குறேன்."

எண்ணெயும் என் சட்டையும்

எனக்கு ஹைட்ராலிக்தான் பிடித்திருந்தது. தறி, நெசவாளி, வேடிக்கை பார்க்க ஏறும் ஜனம் எல்லாவற்றையும் அதுதான் அசராமல் தாங்கும். ஆனால் நெய்யப்போகிறவர் ஏகாம்பரம். என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னைவிட நூறு மடங்கு பிடிவாதம். அவர் வந்து எண்ணெய்க் குழாயை மோந்து பார்த்தார். பட்டு இருக்கிற இடத்தில் ஒரு சொட்டுகூட வரக்கூடாது என்றார். எண்ணெய் குழாயை விட்டு வெளியே வரவே வராது என்று நான் சத்தியம் செய்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெளிய வராதுன்றீங்களேணா, உங்க சட்டையப் பாத்துட்டு சொல்லுங்க." கரண்ட் ஜாக்கியே போதும் என்று முடிவாயிற்று.

வண்டிக்குள் ஒரு குழி

ஏகாம்பரம் பிறந்ததிலிருந்து குழித்தறிக்காரர். கால் இரண்டும் குழிக்குள் தொங்கி மிதியை மிதித்தால்தான் அவருக்குக் கை ஓடும். வண்டித் தளத்தில் ஏது குழி? அறுக்கச் சொன்னார், அறுத்தேன். தறியைப் போட்டோம், மிதி ட்ரெய்லருக்கு அடியில் தொங்கியது. தென்னேரி ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்திப் பட்டனைத் தொட்டேன். கரை சரிவு. வண்டி மேட்டுப் பக்கம் இறங்கித் தன்னை அழகாக மட்டமாக்கிக்கொண்டது. மிதி தரையில் போய் முட்டியது, ஏகாம்பரத்தின் கால் ஈரமண்ணில் புதைந்தது.

வேறு வழி? வண்டிக்கு அடியில் படுத்து, அவர் காலுக்கு நேர்கீழே, பூமியிலேயே ஒரு குழி வெட்டினேன். ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தி ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இவ்ளோ பெரிய வண்டி வாங்கிக்கினு வந்து, கடைசில தரையத்தான் தோண்டுறீங்களா?"

மிதிக்கு மிதி

அந்த ஜாக்கிக்கு அப்படியொரு ரோஷம். காக்கா கூரையில் உட்கார்ந்தால் அந்தப் பக்கக் கால் உயரும், பறந்தால் இறங்கும். ஏகாம்பரம் திருநீறு உதறினால்கூட ஒரு மயிரிழை சரிசெய்துகொள்ளும். அப்படிப்பட்டது, அவர் மிதியை மிதித்தால் சும்மா இருக்குமா? வலது மிதிக்கு வண்டியின் வலது கால் 'கொய்ங்', இடது மிதிக்கு இடது கால் 'கொய்ங்'. மட்டமானதும் பொத்தானை அணைத்துவிட வேண்டும் என்று விற்ற தம்பி சொன்னது உண்மைதான். நான் அப்போது வடை தின்றுகொண்டிருந்தேன்.

மதியம் பார்த்தால் அரக்கு பார்டர் முழுக்க வளைந்து வளைந்து ஓடுகிறது. முகூர்த்தத்துக்கு இருப்பதோ இரண்டு வாரம், புதிதாகப் பாவு நூல் ஏற்றி முதலிலிருந்து நெய்ய நேரமில்லை. அந்த நேரம் பார்த்து முதலாளியும் வள்ளியும் காரிலிருந்து இறங்கினார்கள். நான் ஆறாவது காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

வள்ளி பார்டரில் விரலை ஓட்டினாள். ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தாள். காற்றுக்குத் தண்ணீர் சுருண்டு சுருண்டு கரையேறிக்கொண்டிருந்தது. "அப்பா, அதே அலை! இத நேராக்குனீங்க, நான் மண்டபத்துக்கே வரமாட்டேன்." நான் வெளியே வந்து, பழக்கதோஷத்தில் ஜாக்கியை அணைக்கக் கை நீட்டினேன். ஏகாம்பரம் என் மணிக்கட்டைப் பிடித்தார்: "கை வெக்காதீங்கணா. இத்தினி வருஷமா தறியில தொணைக்கு ஆள் தேடிக்கினு இருந்தேன், இப்பதான் ஆறு காலோட ஒருத்தன் வந்துக்கிறான்."

பல்லவர் காலத்து டிசைன்

கல்யாணத்தில் மாப்பிள்ளையைப் பார்த்தவர்களைவிடப் பார்டரைப் பார்த்தவர்கள்தான் அதிகம். போன மாதம் முதலாளி கடைப்பக்கம் போனேன். கண்ணாடிப் பெட்டியில் 'தென்னேரி அலை' என்று பேர் போட்டு அதே கோணல். சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார், பல்லவர் காலத்தில் ஏரிக்கரையில் உட்கார்ந்து அலையைப் பார்த்துப் பார்த்து நெய்தது என்று. நான் வாசலில் நிற்பதைக் கவனித்தார். கண்கூட இமைக்கவில்லை. "சந்தேகமா இருந்தா இதோ இந்தப் பெரியவரக் கேளுங்கம்மா, அப்ப இவரும் கூடத்தான் இருந்தாரு."

ஆக, மட்டமாக நிற்க ஆறு காலைத் தேடித் தேடிப் பொறுக்கினவன் நான், பேர் வாங்கினது கோணல், அதனால் இதை உங்களுக்குச் சொன்னது யாரென்று யாரும் கேட்டால் என்னைக் காட்டிக்கொடுக்காமல், பல்லவர் காலத்து ஆள் ஒருத்தர் சொன்னார் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.