எண்ணெய் பட்ட கண்

பிச்சைமணிக்கு இடது கண்ணை முழங்கையின் உட்பக்கத்தால் துடைத்துக்கொள்ளும் பழக்கம். குற்றாலம் மெயினருவிப் பக்கம் ஆட்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவருக்கு உள்ளங்கை எப்போதும் வழவழப்பாகத்தான் இருக்கும். கண்ணைத் தொட்டால் எரியும். கல்யாணப் பந்தியிலும், ஓட்டுப் போடும் வரிசையிலும்கூட முழங்கைதான் மேலே போகும். அதே தெருவில் வளர்ந்த முத்துலட்சுமி சிறுபிள்ளையில் அப்படியே செய்து காட்டி அவரையே சிரிக்க வைப்பாள்.

அந்த முத்துலட்சுமிதான் பிறகு வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கித் தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். பக்கவாதத்தை முன்கூட்டியே தடுக்க அங்கே ஓர் இலவச முகாம் நடந்தது. கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். மெஷின் ஒன்றுதான், கூட்டமோ வாசலைத் தாண்டி நின்றது. யாரை உள்ளே அனுப்புவது என்று விசாரித்துப் பிரிப்பது அவள் வேலை. திடீரென்று ஒரு பக்கக் கை கால் மரத்துச் சரியானவர்கள், பேச்சுக் குழறியவர்கள், ஒரு கண் மட்டும் இருட்டித் தெளிந்தவர்கள் முதலில் போகவேண்டும். வெறும் தலைச்சுற்றலுக்கு அவசியமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இன்னும் ஒருவருக்குத்தான் இடம் என்ற நேரத்தில் பிச்சைமணி வந்து நின்றார்.

"ஏட்டி முத்து, இந்தக் கண்ணு அப்பப்ப திரை விழுந்தாப்ல இருட்டிட்டு வருது. செத்த நேரத்துல தெளிஞ்சிருது." சொல்லும்போதே முழங்கை மேலே போனது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கண்ணுக்கும் எண்ணெய் தேச்சு விடுதியளோ மாமா? போயி கண் டாக்டரைப் பாருங்க."

"ஆமாட்டி, அது ஒண்ணுதான் எங்கிட்ட ஓசியில தேச்சுக்கிடுது" என்று அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கடைசி இடம், காலையிலிருந்து தலைசுற்றுகிறது என்று நச்சரித்துக்கொண்டிருந்த பலசரக்குக் கடை சுந்தரபாண்டியனுக்குப் போனது. அவர் கழுத்தில் ஒன்றுமில்லை.

சாரல் சீசன் முடிவதற்குள், அருவிக்கரையில் ஒருவர் முதுகில் வைத்த கையோடு பிச்சைமணி சாய்ந்தார். வலது பக்கக் கை கால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது பக்கக் கழுத்துக் குழாயில் பெரிய அடைப்பு என்றார்கள். ஐப்பசி மழையில் அவரைச் சுடுகாட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

முன்பே ஸ்கேன் எடுத்திருந்தால் தப்பியிருப்பாரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். முத்துலட்சுமிக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. கண் இருட்டித் தெளிகிறது என்று அதே வார்த்தைகளை முகம் தெரியாத ஒருவர் சொல்லியிருந்தால் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போயிருப்பாள். தெரிந்தவர் என்பதால்தான் காது கொடுக்கவில்லை.

அவள் அப்பா இசக்கிமணி கொத்தனார். பிச்சைமணியின் வீட்டுச் சுவரைக் கூலி வாங்காமல் பூசிக் கொடுத்தவர். பதிலுக்குத் தலையிலிருந்து கால்வரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதாகப் பேச்சு. சீசன் முடியட்டும், சீசன் முடியட்டும் என்றே அது வருஷக்கணக்காய்த் தள்ளிப்போனது. இப்போது முழங்கால் வலிக்கும்போதெல்லாம் அப்பா சொல்லிச் சிரிப்பார்.

"பிச்சைமணிப் பய எனக்கு ஒரு குளியல் பாக்கி வச்சிட்டுப் போயிட்டான்."

பிச்சைமணி முகாமுக்கு வந்து திரும்பிப்போனது அப்பாவுக்குத் தெரியாது. முத்துலட்சுமி எழுந்து உள்ளே போய்விடுவாள். அந்தக் குளியலுக்கென்று அப்பா வாங்கிவைத்த நல்லெண்ணெய் அலமாரியில் அப்படியே இருக்கிறது.