பழத்தை அழித்த பஸ்

கண்ணையனை முன்கோபி என்று சொல்ல முடியாது. முன்கோபம் வந்த வேகத்தில் இறங்கிவிடும். அவனுக்கு வந்தது இறங்கவே இல்லை.

சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது வயல் கூலிவேலையை இழந்தவன் அவன். நெய்வேலி டவுன்ஷிப்பில் காண்டிராக்டில் சேர்ந்து, குவார்ட்டர்ஸ் சுவர்களில் பிளாக் நம்பர் எழுதி எழுதியே பிரஷ் பிடிக்கப் பழகினான். ஆசைப்பட்டு வரைந்தது ஒன்றே ஒன்று: குஞ்சிதபாதம் முதலாளியின் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பலாப்பழம். பிளந்த பழம், உள்ளே மஞ்சள் சுளை. மூலையில் ‘கண்ணையன், முத்தாண்டிக்குப்பம்’.

பண்ருட்டி ஸ்டாண்டில் பஸ்களெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கும். படிக்கத் தெரியாத காடாம்புலியூர்ப் பெண்கள் பழத்தைப் பார்த்துத்தான் கூடையோடு ஏறுவார்கள். பலாப்பழ பஸ் என்றே அதற்குப் பெயர்.

முதலாளியின் மருமகன் டவுன்ஷிப்பில் இன்ஜினீயர். அறுபத்து மூன்றாம் வருஷம் டெல்லிக்கு ஒரு தடவை விமானத்தில் போய்வந்தவர், வந்ததிலிருந்து மாமனாரை அரித்தெடுத்துவிட்டார். விமானத்தின் வாலில் இருப்பதுபோல் சிவப்பும் நீலமுமாகக் கோடு போடுவதுதான் நாகரிகமாம், பழம் பட்டிக்காடாம்.

கண்ணையன் ஷெட்டுக்குப் போனபோது மெட்ராஸிலிருந்து வந்த ஆள் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். முதலில் போனது பெயர்தான்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மொதலாளி.”

“என் பஸ்ஸு, என் பஸ்ஸோட முதுகு. உங்கிட்ட என்னாத்துக்குடா சொல்லணும்?”

கண்ணையன் ஷெட்டை விட்டு வெளியே வந்தான். நேரே போட்டி பஸ்காரர் சங்கரலிங்கத்திடம் போனான். கூலிகூடக் கேட்காமல் அவர் பஸ்ஸின் பின்னால் அதே பழத்தை, அதே மூலையில் தன் பெயரோடு வரைந்தான். ஒவ்வொரு முள்ளையும் குஞ்சிதபாதத்தின் முகத்தில் குத்துவதாக நினைத்துக்கொண்டுதான் வைத்தான்.

மறுநாளே கூடைகளெல்லாம் அங்கே ஏறின. கோடு போட்ட பஸ்ஸின் கண்டக்டர் தொண்டை கிழியக் கூவினான். “பழம் அங்க நிக்கிது, இவரு இங்க கூப்புட்டுகினு கீறாரு” என்று பெண்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். ஆள் இல்லாமல் முதலாளி மாலை டிரிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று.

பிறகு ஒரு சாயங்காலம் குஞ்சிதபாதமே கண்ணையன் வாசலில் வந்து நின்றார்.

“பழத்த மறுபடி போட்டுக் குடு கண்ணையா. பேரையும் பெருசா எழுதிக்க.”

“பஸ்ஸு உங்களுது, முதுகும் உங்களுது மொதலாளி. பழம் என்னுதுங்க. அது இப்ப வேற எடத்துல இருந்துகினு இருக்குது.”

சொல்லும்போதே அவனுக்கு நாக்கு இனித்தது.

முதலாளி ரோட்டுக்கு வந்தார். பண்ருட்டி திரும்ப அவருடைய பஸ் கிடையாது, நிறுத்தியவரே அவர்தான். வந்து நின்றது சங்கரலிங்கத்தின் பஸ். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடைகளுக்கு நடுவே ஏறினார். பஸ் கிளம்பியது. புழுதி மறைக்கும்வரை கண்ணையன் தன் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்னாங்க தனியா சிரிச்சிகினு?” என்றாள் மனைவி சின்னம்மாள்.

“சோத்தப் போடு” என்றான். அன்றைக்கு மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.