சாக்கு போர்த்திய ஆன்டெனா

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். தை மாதத்து மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் வரப்பு தெரியவில்லை. வெட்டவெளி ஆன்டெனாக்களைப் பழுதுபார்ப்பது, நாம் போய்ச் சேரும்போது எழுந்து உட்கார்ந்துவிடுகிற நோயாளிக்கு வைத்தியம் பார்க்கிற தொழில் என்பதை, இதே தொழிலில் அல்லல்படும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் நண்பகல் அளவுகளை நம்பியிருந்துவிட்டு, பனி விழும் நேரத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்று அந்தச் சனிக்கிழமைதான் எனக்குத் தோன்றியது.

முதல் பழுது

மயிலாடுதுறைக்குத் தெற்கே ஒரு கிராமத்து நெல் கொள்முதல் நிலையம். விவசாயியின் கைரேகை இணையத்தில் பதிவானால்தான் அவருடைய நெல் எடைக்குப் போகும். திங்கட்கிழமை விடியலில் இணைப்பு அறுந்து, பதினோரு மணிக்குத் தானாக வந்தது. நிலையத்துக்கு இணையம் கொண்டுவரும் ஆன்டெனாவைத் தாங்கிய கம்பத்தில் எங்கள் டெக்னீஷியன் குமார் ஏறினார். கேபிள் இணைப்பின் ரப்பர் வெடித்து உள்ளே ஈரம் கோத்திருந்தது, மாற்றினார்.

களத்தில் நெல்லைக் குவித்துவிட்டுத் தன் முறைக்குக் காத்திருந்த குத்தகை விவசாயி அந்தோணிசாமி, என்ன கோளாறு என்று விசாரித்தார். பனித்தண்ணீர் உள்ளே இறங்கிவிடுகிறது என்று குமார் சொன்னார். அந்தோணிசாமி தலையாட்டினார்: "நெல்லுக்கும் அதே சீக்குதான் தம்பி. மூடி வச்சாத்தான் தங்கும்."

நண்பகல் அளவு

மறுநாள் விடியலிலும் இணைப்பு போனது. அதற்கடுத்த நாளும் போனது. தினமும் அரைநாள் கொள்முதல்தான் நடந்ததால், அந்தோணிசாமியின் முறை புதனிலிருந்து சனிக்குத் தள்ளிப்போனது. அவரும் மனைவி லூர்துமேரியும் பகலில் நெல்லைக் கிளறிக் காயவைப்பதும், மாலையில் தார்ப்பாய் போடுவதுமாக இருந்தார்கள்.

புதன் நண்பகலில் குமார் எனக்குப் படம் அனுப்பினார். ஆன்டெனாவின் மேல் ஒரு சணல் சாக்கு, சரடு போட்டு நேர்த்தியாகக் கட்டியிருந்தது. சிக்னல் முழு அளவில் இருந்தது. சாக்கு இருந்தும் முழு அளவென்றால் சாக்கு தடையல்ல என்று முடிவுசெய்து, ஆன்டெனாவோடு இணைந்த சிக்னல் கருவியை மாற்றச் சொன்னேன். நாங்கள் அளந்தது காய்ந்த சாக்கை என்பது எனக்கு உறைக்கவில்லை. புதுக் கருவியைப் பொருத்திய குமார், சாக்கைப் பழையபடியே கட்டிவிட்டுத் தொலைபேசியில் சொன்னார்: "யாரோ அக்கறையாத்தான் கட்டியிருக்காங்க மேடம். அவுத்துப் போட்டா நமக்குத்தான் கெட்ட பேரு."

பனியில் பார்த்தது

வியாழன் விடியலில் புதுக் கருவியும் இணைப்பை இழந்தது. அன்று மாலை, தை மாதத்துக்குப் பொருந்தாத மழை கொட்டியது. தார்ப்பாயின் அடியில் தண்ணீர் ஓடியது. வெள்ளி முழுவதும் வெயில் இல்லை.

சனி விடியலில் கம்பத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தேன். சாக்கு தொப்பலாக நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. நீர் கோத்த சாக்கு, சிக்னலுக்கு முன்னால் எழுப்பிய சுவர். குமார் அதை அவிழ்த்ததும் இணைப்பு வந்துவிட்டது.

"நான்தாம்மா ஏணி போட்டு ஏறிக் கட்டுனேன்," என்றார் அந்தோணிசாமி. "பனி இறங்குதுன்னு தம்பி சொன்னாரே."

எட்டு மணிக்கு அவர் முறை வந்தது. கைரேகை ஒரே தொடுதலில் பதிந்தது. ஈரப்பத மீட்டரில் நெல் தேறவில்லை. குவியலின் அடியில் வெள்ளை வெள்ளையாக முளை கிளம்பியிருந்தது.

தவறு அவருடையது அல்ல, படத்தில் சாக்கைப் பார்த்தும் அவிழ்க்கச் சொல்லாத என்னுடையது என்றேன். லூர்துமேரி முளைத்த நெல்லைக் கையில் அள்ளியபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்: "பாத்துட்டுத்தான் விட்டீங்களா?"

ஞாயிறு காலை

லூர்துமேரி பூசைக்குப் போகவில்லை. குவியலை உடைத்து, முளைத்ததையும் முளைக்காததையும் தனித்தனியே பிரித்துக்கொண்டிருந்தார். அந்தோணிசாமி முளைத்த நெல்லைக் கோழித் தீவனத்துக்காவது எடுப்பார்களா என்று கேட்க, ஒரு பையில் மாதிரி கட்டிக்கொண்டு மயிலாடுதுறைக்குப் பேருந்து ஏறினார். குமார் அக்கம்பக்கத்து நிலையங்களின் கம்பங்களைப் பார்த்து வந்தார். இன்னும் இரண்டில் சாக்கு இருந்தது. நான் பழுதறிக்கையில் 'காரணம்' என்ற இடத்தில் என் பெயரை எழுதி அனுப்பினேன். அனுமதிக்கப்பட்ட காரணங்களின் பட்டியலில் அப்படி ஒன்று இல்லை என்று கணினி அதை ஒன்பது மணிக்குள் திருப்பி அனுப்பிவிட்டது.