முந்தி விழுந்த பொறி

எஞ்சினுக்குள் பொறி விழும் நேரத்தை வைப்பதில் மெக்கானிக்கின் கை மயிரிழை பிசகாது என்று ஊரே சொல்லும். ஒரே ஒரு தடவை பிசகியிருக்கிறது. அது ஊருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும், அதனால்தான் பன்னிரண்டு வருஷமாகத் தங்கையை நேருக்கு நேர் பார்த்துப் பேசாமல் நழுவிக்கொண்டிருந்தார்.

அப்பா விட்டுப்போன பழைய கார் அது. வேகம் ஏற ஏறப் பொறியை முன்னுக்குத் தள்ள, பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு சின்ன எடைகள் இருக்கும். இந்தக் காரில் அவை துருப்பிடித்து இறுகிப்போயிருந்தன. கழற்றிச் சுத்தம் செய்ய ஒரு முழு நாள் வேண்டும். அவருக்கு அன்று சோம்பல், கூடவே கொஞ்சம் திமிர். டிஸ்ட்ரிபியூட்டரையே மொத்தமாக முன்னால் திருப்பி வைத்துவிட்டார். வண்டி மேட்டில் பறந்தது, மனுஷர் மீசையை முறுக்கிக்கொண்டார்.

மறுநாள் பேட்டரி இறங்கியிருந்தது. தையல் வேலை பார்க்கும் தங்கை அவசரமாகக் கிளம்ப வேண்டி, எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலை முன்பக்கம் செருகிச் சுற்றினாள். மெதுவாகச் சுற்றும்போதும் பொறி முந்திக்கொண்டு விழ, ஹேண்டில் எதிர்ப்பக்கமாகத் திருப்பி அடித்தது. வலது மணிக்கட்டு முறிந்து, நான்கு மாதம் கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் கிடந்தாள். "நான்தான் சரியாப் பிடிக்கலை" என்று எல்லோரிடமும் சொன்னாள். அண்ணன் பக்கத்தில் நின்று வாயைத் திறக்கவில்லை.

அதன்பிறகு கார் சும்மாவே கிடந்தது. இந்த வருஷம் அவளே வந்து, "அந்தக் காரை ஓட வைண்ணா" என்றாள். அண்ணன் இரண்டு பழைய டிஸ்ட்ரிபியூட்டர்களை வாங்கிவந்தார். ஒன்று பார்க்கப் பளபளவென்றிருந்தது, ஆனால் நடுத்தண்டு ஆடியது. மற்றது அழுக்கு மூட்டை. தண்டைத் திருகி விட்டதும் எடைகள் ஸ்பிரிங் இழுப்பில் சட்டென்று திரும்பின. அழுக்கையே எடுத்துப் பூட்டினார். பாயிண்ட் பிரிந்து பொறி விழும் நொடியில் எரியும் சின்ன பல்பை மாட்டி, எஞ்சினில் போட்டிருக்கும் கோட்டுக்கு நேராக நேரத்தை வைத்தார். மனசு கேட்கவில்லை. பொறி இனி முந்தவே கூடாதென்று கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார். இன்னும் கொஞ்சம்.

தங்கை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தாள்.

"அண்ணா, இது ஓடலை, ஊர்வலம் போகுது. சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்துச் சிரிச்சுட்டுப் போறார்."

"பழைய வண்டின்னா அப்படித்தான்."

"மத்தவங்க வண்டிக்கும் இப்படித்தான் வெப்பியா? சரி, ஹேண்டில் எங்கே?"

"அது எங்கேயோ போச்சு."

"பெஞ்சுக்கு அடியில சாக்குல சுத்தி வெச்சிருக்கே. எடு."

அவர் எடுக்கவில்லை. கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"உன் கை உடைஞ்சது என்னாலதாம்மா. டைமிங்கைத் தப்பா வெச்சது நான்."

"தெரியும்."

"எப்படி?"

"மாவுக்கட்டோட வந்த அன்னிக்குச் சாயங்காலமே நீ அதைப் பழையபடி திருப்பிட்டு அழுதே. ஜன்னல் வழியாப் பார்த்தேன்."

"அப்போவே கேட்டிருக்கலாமே?"

"நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்தேன். கை வலி நாலு மாசத்துல போயிடுச்சு. நீ என் முகத்தைப் பார்க்காம போறதுதான் இன்னிவரைக்கும் வலிக்குது."

அவர் மறுபடி பல்பை மாட்டி, நேரத்தைக் கோட்டுக்குக் கொண்டுவந்து, திருகை இறுக்கினார். சாக்கை அவிழ்த்து ஹேண்டிலை வெளியே எடுத்தார்.

"நான் சுத்துறேன்."

"நகரு."

திருப்பி அடித்தாலும் சிக்காதபடி கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொண்டு அவள் குனிந்தாள். முதல் சுற்றில் எஞ்சின் முனகியது. இரண்டாவதில் பிடித்துக்கொண்டது, ஹேண்டில் நோகாமல் கழன்று அவள் கையோடு வந்தது.

அவர் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுதார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"விடுண்ணா, கையெல்லாம் கிரீஸ்" என்றாள் தங்கை. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.